பழைய மரப் படகும் மழைத் தண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

மரத்தளம் போட்ட பழைய மோட்டார் படகுகளைப் புதுப்பிப்பது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வளவில் 18 அடி மர மோட்டார் படகு ஒன்று பல வருடமாகக் கிடக்கிறது. தளம் தேக்கு, உடம்பு மஹோகனி. உள்ளே பெற்றோல் எஞ்சின். வார்னிஷ் முழுக்க உரிந்துபோய்விட்டது. சுரண்டிவிட்டு வார்னிஷ் அடித்தால் போதுமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: சுரண்டியைக் கீழே வையுங்கள். வார்னிஷ் கடைசி வேலை. முதல் வேலை படகுக்கு மேல் ஒரு கூரை. கிடுகுக் கொட்டில் போதும். நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும். தறப்பாளை இறுக்கிப் போர்த்திக் கட்டுவது கூரை ஆகாது. உள்ளே வேர்த்து, அந்த ஈரம் மரத்திலேயே தங்கிவிடும்.

மரப் படகை உளுத்துப்போகச் செய்வது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மழைநீர். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. உப்பு ஊறிய மரத்திலும் அதற்கு வாழ்வு கடினம். தளத்தின் பொருத்துவழியே இறங்கி மூலைகளில் தேங்கும் நன்னீர்தான் அதற்குப் பிடித்த இடம். ஆகவே தேடலையும் மேலிருந்து தொடங்குங்கள்: தளத்தின் ஓரப்பலகைக்கு அடியில், தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் முனைகளில், கடையால் (பின்பக்கப்) பலகையின் மேல் மூலைகளில், அணியத்தின் (முன்பக்கத்தின்) உள்ளே காற்றே புகாத முக்கில், எஞ்சின் தாங்கிக் கட்டைகளுக்குக் கீழே.

தேட இரண்டு கருவி போதும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டுங்கள்; நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது மொத்தென்று சொல்லும். பிறகு கூரான குத்தூசியால் நாருக்குக் குறுக்கே குத்தி நெம்புங்கள். நீளமான சிம்பாகப் பிளந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. பிஸ்கற் மாதிரிப் பொட்டென்று உடைந்தால் அது போய்விட்டது. கெட்ட இடத்தையெல்லாம் சோக்கால் வட்டமிடுங்கள். வெட்டும்போது வட்டத்தோடு நிற்காமல், நாரின் போக்கில் இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி நல்ல மரத்தில் வெட்டுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிடத் தூரம் போயிருக்கும்.

அடுத்தது திருகாணிகள். வெவ்வேறு இடத்தில் பத்துப் பன்னிரண்டைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைத் திருகாணி உப்புநீரில் தன் துத்தநாகத்தை இழந்துவிடும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் செம்பு நிறம் தெரியும், வளைத்தால் ஒடியும். கழற்றியவற்றில் சில அப்படி இருந்தாலே நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அத்தனையையும் சிலிக்கன் வெண்கலத் திருகாணியாக மாற்றுங்கள். 316 தர துருப்பிடிக்காத உருக்கு தளத்துக்கு நல்லது. நீருக்கடியில், காற்றுப் புகாத ஈர மரத்துக்குள், அது குழிகுழியாக அரிக்கும். வெண்கலத்தையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நீருக்கடியில் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

எதையும் கழற்றுமுன் இன்னொன்று. படகின் பாரம் ஏராவில்தான், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக் கட்டையில்தான், நிற்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சரியாமல் பிடிக்க மட்டுமே. ஏராவுக்குக் கீழே ஏறத்தாழ 1 மீற்றருக்கு ஒரு கட்டை வைத்து, அணியத்திலிருந்து கடையால் வரை நூல் கட்டிப் பாருங்கள். ஏரா நடுவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்திருந்தால், கட்டைகளைச் சிறிது சிறிதாக மாற்றி, வாரக்கணக்கில் மெதுவாகத் திருத்த வேண்டும். வளைந்தபடியே புதுப் பலகை போட்டால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும்.

கேள்வி: இங்கே எல்லாரும் பைபர் படகுதான் கட்டுகிறார்கள். எங்கள் பலகைப் படகுக்கும் வெளியே பைபர் அடித்துவிட்டால் ஒழுக்குப் பிரச்சினை முடிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: வேண்டாம். பலகை பலகையாக அடுக்கி, இடைவெளியில் பஞ்சு அடைத்துக் கட்டிய படகுக்கு இது வேண்டவே வேண்டாம்.

மரம் ஈரத்தில் விரியும், காய்ச்சலில் சுருங்கும். 150 மி.மீ. அகலப் பலகை, காய்ந்த நிலைக்கும் கடலில் ஊறிய நிலைக்கும் இடையில் 2 மி.மீ. வரை அகலத்தில் மாறும். பைபர் ஓடு அசையாது. எனவே ஒவ்வொரு பொருத்தின் மேலும் பைபர் வெடிக்கும், அல்லது மரத்தை விட்டு உரியும். பைபர் படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் பிசின் மரத்தைச் சரியாகப் பிடிப்பதும் இல்லை. எண்ணெய்ப் பிடிப்புள்ள தேக்கில் இன்னும் மோசம். உள்ளே இறங்கும் மழைநீருக்கு வெளியேற வழி இராது. இரண்டு மூன்று வருடத்தில் வெளியே பளபளப்பான ஓடும் உள்ளே மண்போல் உதிரும் மரமும் மிஞ்சும்.

பிளைவூட்டால் கட்டிய படகு வேறு கதை. பிளைவூட் அதிகம் விரிந்து சுருங்காது. அதை நன்றாகக் காயவைத்து, பொலியெஸ்டர் இல்லாமல் எப்பொக்சியோடு கண்ணாடித்துணி போடலாம்.

உங்கள் படகுக்குச் செய்ய வேண்டியது கலப்பத்து வேலை, அதாவது பொருத்துகளில் பஞ்சு அடைத்து நீர் புகாமல் செய்வது. பழைய பஞ்சையும் புட்டியையும் கொக்கியால் இழுத்தெடுங்கள். வாளால் அறுக்கவோ கிரைண்டரைப் போடவோ கூடாது. பலகை விளிம்பு போய்விடும். பொருத்தின் உள்ளே நல்ல அடிப் பூச்சு ஒரு கை கொடுத்து, அது ஈரமாக இருக்கும்போதே பஞ்சுத் திரியை வைத்து அடியுங்கள். பலகைத் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் திரி உட்கார வேண்டும். மேலே மிருதுவாகவே இருக்கும் புட்டி. அந்தக் காலத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இதற்குப் பாவித்தார்கள். தேவை அதே மிருதுதான்.

பலரும் தவறுவது இங்கே: காய்ந்த படகில் இடைவெளி பெரிதாகத் தெரிகிறதே என்று பஞ்சை அள்ளித் திணிப்பார்கள், அல்லது எப்பொக்சிப் புட்டியால் கல்லாக நிரப்புவார்கள். கடலில் இறக்கியதும் பலகை விரிய இடமில்லாமல் திருகாணிகளை இழுக்கும், விலாச் சட்டங்களை ஒடிக்கும். பழக்கமுள்ள ஓடாவி ஒருவர் அருகில் இருந்தால் இந்த வேலையை மட்டுமாவது அவர் கையில் கொடுங்கள்.

பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும். உலர்த் தேய்ப்பு வேண்டாம். நனைத்துத் தேய்த்து, தூசுக் கவசம் போட்டு, கழிவைக் கிணற்றடியிலும் கடலிலும் கொட்டாமல் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

கேள்வி: தளத்தை முழுக்க மாற்ற வேண்டியிருக்கிறது, ஏறத்தாழ 5 சதுர மீற்றர். எவ்வளவு மரம், என்ன முறை, எவ்வளவு பசை? (வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: பழைய தளத்தைக் கழற்றுமுன் படகின் வாயை அளந்து, மூன்று நான்கு இடத்தில் குறுக்கே சட்டம் அறையுங்கள். இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருப்பது தளம்தான். அது போனதும் படகு வாய் விரிந்துவிடும், அல்லது ஒருபக்கம் முறுக்கிக்கொள்ளும். புதுத் தளம் போட்ட பிறகு அதைத் திருத்த முடியாது. குறுக்குச் சட்டங்களின் வளைவை ஒட்டு அட்டையில் பிரதியெடுத்து வையுங்கள். மழைநீரை ஓரத்துக்கு ஓடவைப்பது அந்த வளைவே. தட்டையாகச் செய்தால் நடுவில் குளம் கட்டும்.

இந்தக் காலநிலைக்கு நாங்கள் சொல்லும் முறை: குறுக்குச் சட்டங்களின் மேல் 9 மி.மீ. மரைன் பிளைவூட், அதன் மேல் 10 மி.மீ. தேக்குக் கீற்றுகள். பழைய முறையில் பலகைகளை நேரே சட்டத்தில் அறைவார்கள். அழகுதான், ஆனால் கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் ஒவ்வொரு பொருத்தும் வாய் பிளக்கும், வாடையோடு வரும் முதல் மழை நேரே உள்ளே இறங்கும். பிளைவூட்டின் அடிப்பக்கத்துக்கும் நான்கு விளிம்புக்கும், பொருத்துமுன்பே, எப்பொக்சி மூன்று கை கொடுங்கள். பிளைவூட் கெடத் தொடங்குவது விளிம்பில்.

தேக்கை அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ நம்பிக்கையான மர ஆலையிலோ வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிறிய ஓரமரம் வேண்டாம், அது சீக்கிரம் உளுக்கும். வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த கீற்றுகள் தளத்துக்கு ஏற்றவை. குறைவாக அசையும், தேயும்போது சிம்பு கிளம்பாது. 5 சதுர மீற்றருக்கு 10 மி.மீ. தடிப்பில் முடிந்த மரம் 0.05 கன மீற்றர். வாள்வாய், சீவல், ஓரமரக் கழிவு எல்லாம் சேர்த்து அதன் இரு மடங்கு, அதாவது மூன்றரைக் கன அடி வாங்குங்கள்.

ஈரத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு துண்டை நிறுத்து, 100 பாகைக்குச் சற்று மேலான அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை வைத்து, மறுபடி நிறுங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 வீதம். 15 வீதத்துக்கு மேல் இருந்தால் ஒட்டாதீர்கள்.

கீற்று 50 மி.மீ. அகலம், அதன் ஒரு விளிம்பில் 6க்கு 6 மி.மீ. வெட்டு. கீற்றின் அடியையும் பிளைவூட்டின் மேலையும் 60ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் கீறி, தேக்கை அசிற்றோனால் துடைத்து, துடைத்த ஒரு மணி நேரத்துக்குள் கெட்டியாக்கிய எப்பொக்சியில் ஒட்டுங்கள். தேக்கின் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும், அதனால்தான் அவசரம். 5 சதுர மீற்றருக்கு எப்பொக்சி 5 முதல் 6 லீற்றர் ஆகும். கீற்றைப் பிடிக்க அதில் துளை போடாதீர்கள். வெட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் பெரிய வொஷர் போட்ட தற்காலிகத் திருகாணியால் அழுத்தி, மறுநாள் கழற்றி, பிளைவூட்டில் விழுந்த துளையை எப்பொக்சியால் அடையுங்கள்.

எங்கள் வெயிலில் எப்பொக்சி விளையாட்டல்ல. வெப்பம் 10 பாகை கூடினால் கைக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 பாகையில் 20 நிமிடம் தரும் கலவை 35 பாகையில் 10 நிமிடம்தான் தரும். மெதுவான வெப்பவலய ஹார்ட்னர் கேட்டு வாங்குங்கள். கலந்ததும் குவளையில் வைத்திருக்காமல் அகன்ற தட்டில் ஊற்றுங்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே புகைந்து இறுகும். வெறும் மரத்தில் முதல் பூச்சைப் பின்னேரம், நிழலில் செய்யுங்கள். காலையில் மரம் சூடேறச் சூடேற உள்ளே உள்ள காற்று வெளியேறிக் கொப்புளம் விடும். பின்னேரம் மரம் குளிரும்போது பிசினை உள்ளே இழுக்கும்.

பொருத்து நிரப்பும் பசைக்குக் கணக்கு எளிது. 50 மி.மீ. கீற்றென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 20 மீற்றர் பள்ளம். 5 சதுர மீற்றருக்கு 100 மீற்றர். 6க்கு 6 பள்ளத்துக்கு 3.6 லீற்றர். 310 மி.லீ. குழலில் 12, சேதாரத்தோடு 14 குழல்.

கேள்வி: புதிதாக நிரப்பிய கறுப்புப் பொருத்து ஒரு வருடத்தில் ஒருபக்கம் விட்டு உரிகிறது. பசை கூடாததா? (வாசகர், நிலாவெளி)

பதில்: பெரும்பாலும் பசையின் குற்றமல்ல. பள்ளத்தின் இரண்டு சுவரை மட்டும் அது பிடிக்க வேண்டும். அடியையும் பிடித்துக்கொண்டால் மரம் அசையும்போது இழுபட இடமில்லாமல் ஒரு சுவரை விட்டுவிடும். பசைக்கு முன், பசை ஒட்டாத மெல்லிய நாடாவைப் பள்ளத்தின் அடியில் மட்டும் போடுங்கள். சுவர்களை அசிற்றோனால் துடைத்து, உற்பத்தியாளர் சொல்லும் பிரைமரைப் பூசி, குழலின் முனையைப் பள்ளத்தின் அடியில் வைத்து மெதுவாக இழுத்து நிரப்புங்கள். மேலே மட்டும் பிதுக்கினால் உள்ளே காற்று அடைபடும். ஒரு வாரம் இறுகவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். சிலிக்கன் வேண்டாம். பிறகு அந்த இடத்தில் வார்னிஷும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது.

கேள்வி: விலாச் சட்டங்கள் சில ஒடிந்திருக்கின்றன. சாவண்டலை மரம் கிடைக்கிறது. பாவிக்கலாமா? (வாசகர், மூதூர்)

பதில்: தாராளமாக. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்த மரம் உலக மரச் சந்தையில் ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரிலேயே அறியப்பட்டது. இங்கிருந்து சென்னைக்குப் போய் அங்கத்தைய மசூலாப் படகுகளுக்கும் உதவியது. உறுதியும் வளையும் தன்மையும் சேர்ந்த மரம். நீராவியில் வளைக்க, சூளையில் காயவைத்ததை வாங்காதீர்கள், அது ஒடியும். அண்மையில் அறுத்த, நேரான நாருள்ள துண்டை எடுங்கள். 25 மி.மீ. தடிப்புக்கு ஒரு மணி நேரம் நீராவி. பெட்டியிலிருந்து எடுத்தால் அரை நிமிடத்துக்குள் இடத்தில் வளைத்துப் பிடித்துவிட வேண்டும். ஒடிந்த சட்டத்தைப் பிடுங்கத் தேவையில்லை. அதற்குப் பக்கத்தில் புதியதை வையுங்கள். இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்தால் நடுவில் அழுக்கும் நன்னீரும் தங்கும், விரல் நுழையும் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: எந்த வார்னிஷ் அடித்தாலும் ஆறு மாதத்தில் வெளிறி உரிகிறது. (வாசகர், திருக்கடலூர்)

பதில்: கதவு, மேசைக்கு அடிக்கும் வார்னிஷ் எங்கள் வெயிலைத் தாங்காது. புறஊதாத் தடுப்புள்ள மரைன் வார்னிஷ்தான் வேண்டும். அதிலும் படலம் தடிப்பாக இருக்க வேண்டும். முதல் கை பாதிக்குப் பாதி தின்னர் கலந்து. இரண்டாவது கால் பங்கு. மூன்றாவது பத்தில் ஒன்று. பிறகு கலப்பில்லாமல், மொத்தம் எட்டுக் கைக்குக் குறையாமல். உதாரணமாக, 5 சதுர மீற்றருக்கு எட்டுக் கையென்றால் 40 சதுர மீற்றர். ஏறத்தாழ மூன்றரை லீற்றர். கைகளுக்கு இடையில் 320ஆம் இலக்கத்தில் தேய்ப்பு. கூரான விளிம்பில் வார்னிஷ் நிற்காது, உரிதல் அங்கேதான் ஆரம்பிக்கும். எல்லா விளிம்பையும் 3 மி.மீ. உருட்டுங்கள்.

பனி காய்ந்த பிறகு காலையில் அடித்து, மதியத்துக்குள் முடியுங்கள். பின்னேரம் அடித்தால் இரவுப் பனி மினுக்கத்தைக் கெடுக்கும். முடிந்த பிறகும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து இரண்டு கை போடுங்கள். உரிந்த பிறகு பார்க்கலாம் என்றிருந்தால் மறுபடி வெறும் மரத்திலிருந்து தொடங்க வேண்டிவரும். மூடுவதற்குப் பிளாஸ்ரிக் வேண்டாம், பருத்திக் கன்வஸ் போடுங்கள்.

மிதித்து நடக்கும் தேக்குத் தளத்துக்கு வார்னிஷ் தேவையே இல்லை. கடல்நீரால், மிருதுவான தூரிகையால், நாருக்குக் குறுக்கே தேய்த்துக் கழுவுங்கள். அழுத்த நீர்ப் பீச்சி மென்மையான நாரைப் பிடுங்கிப் பள்ளமாக்கிவிடும்.

கேள்வி: பெற்றோல் எஞ்சின் இறுகிவிட்டது. காப்பாற்ற முடியுமா? (வாசகர், சீனக்குடா)

பதில்: ஸ்டாட்டரால் சுற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, அசிற்றோனும் ஒட்டோமற்றிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஊற்றுங்கள். ஒரு வாரம், தினமும் கொஞ்சம். பிறகு நீளப் பிடிச் சாவியால் முன்னும் பின்னும் கையால் அசையுங்கள். அசைந்ததும் மீதியை உறிஞ்சி எடுத்து, எஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள். அசிற்றோன் கீழே இறங்கியிருக்கும்.

கழற்றி மாட்டும் வேலைக்குக் காசு செலவழிக்குமுன் புகைபோக்கிக் குழாய்த் தொகுதியைப் பாருங்கள். கடல்நீரால் குளிரும் எஞ்சினில் அது உள்ளிருந்து அரிபடும். நீர்ப்பாதையை அடைத்து மண்ணெண்ணெய் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். மட்டம் இறங்கினால் அது ஓட்டை. புதுப்பித்த எஞ்சினுக்குள் உப்புநீரை அதுதான் அனுப்பும்.

பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். காருக்குரிய ஸ்டாட்டரும் ஒல்ரனேற்றரும் தீப்பொறி விடும்; படகுக்கென மூடிச் செய்தவையே வேண்டும். கார்பரேற்றருக்குத் தீத்தடுப்பு வலை கட்டாயம். ஸ்டாட் பண்ணுமுன் அடித்தளக் காற்றை வெளியேற்றும் விசிறியை 4 நிமிடம் ஓட்டி, பிறகு மூடியைத் திறந்து மணந்து பாருங்கள்.

கேள்வி: எல்லா வேலையும் முடித்துக் கடலில் இறக்கினோம், தண்ணீர் வாளி வாளியாக ஏறுகிறது. எங்கே பிழைத்தது? (வாசகர், பாலையூற்று)

பதில்: கச்சான் மாதங்கள் முழுவதும் கரையில் நின்ற பலகைப் படகு அப்படித்தான் ஒழுகும். பிழை என்று முடிவுகட்ட மூன்று நாள் பொறுங்கள். இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உள்ளே சாக்குகளைப் பரப்பிக் கடல்நீரால் நனைத்து வந்தால் பலகைகள் பாதி விரிந்திருக்கும். நன்னீர் வேண்டாம். தம்பலகாமக் குடாப் பக்கம்போல அலையடங்கிய இடத்தில், ட்றெயிலரிலோ பட்டியிலோ பாரத்தை விடாமல் வைத்து, இரண்டு பம்பும் தனிப் பற்றரியும் ஓடவிட்டு, இரவும் ஓர் ஆள் இருக்க ஊறவிடுங்கள். மூன்றாம் நாளும் ஒரே இடத்தில் ஒழுகினால்தான் அது கலப்பத்துக் குறை.

அடிப் பூச்சில் கீறல் விழாமல் பாருங்கள். இந்தச் சூடான நீரில் கப்பல் புழு வருடம் முழுக்க உலாவும். குண்டூசித் தலையளவு துளையால் நுழைந்து உள்ளே விரல் தடிப்புக்குக் குடையும். வெளியே ஒன்றும் தெரியாது. செப்புச் சேர்ந்த அடிப் பெயின்ற் ஒரு கீறல்கூட இல்லாமல் இருப்பதுதான் காவல். மற்ற உலோகம் அரிபடாமல் தாம் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டிகளையும் அளவோடு பூட்டுங்கள். அதிகமானால் வெண்கலப் பாகங்களைச் சுற்றி வெள்ளை மாவுபோல் காரம் பூத்து, அந்த இடத்து மரம் நார்நாராக இளகும்.

எஞ்சினையும் சுழல்தண்டையும் கரையில் நேராக்கியிருந்தால் அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும். மிதக்கும் படகின் வடிவம் கட்டையில் நிற்கும் படகின் வடிவமல்ல. பலகை ஊறி முடிந்த பின், இரண்டு இணைப்புத் தட்டுகளின் போல்ற்றுகளைக் கழற்றி, தட்டுகளை முட்டவைத்து, பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள தட்டுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் எஞ்சின் காலடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, தட்டைக் கால் சுற்றுச் சுற்றித் திரும்பவும் அளந்து, அதன் பிறகே போல்ற்றுகளைப் பூட்டுங்கள்.